மூன்று கேள்விகளோடு பதுளையில் ஒரு நாள்

ஒரு நாள், ஓர் ஊர் – 14

சென்ற வாரம் ஸ்பெயின் நாட்டு டொலேடோவில், சாந்தோ தொமே தேவாலயத்தில், ஓர் ஓவியத்துக்கு முன்னால் நின்றோம். ‘ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்’ என்பது அதன் பெயர். 1586இல் பங்குத்தந்தை ஆந்த்ரேஸ் நூனியெஸ் வரையச் சொன்னார். 1588இல் எல் கிரேக்கோ வரைந்து முடித்தார். எந்தக் கோயிலுக்காக வரையப்பட்டதோ அந்தக் கோயிலிலேயே அது இன்றும் இருக்கிறது. படத்தின் முன்வரிசையில் நிற்கும் சிறுவன் ஓவியரின் மகன். அவன் பையிலிருந்து எட்டிப் பார்க்கும் கைக்குட்டையில் அவன் பிறந்த 1578ஆம் ஆண்டைக் குறித்து, தன் பெயரைக் கிரேக்க எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார் தகப்பன்.

எல் கிரேக்கோ என்றால் கிரேக்கர் என்று பொருள். கிரீட் தீவில் பிறந்து, 1577இல் டொலேடோவுக்கு வந்து, 1614இல் அங்கேயே கண்மூடியவர். கடல் கடந்து பிழைக்க வந்த அந்த மனிதரை ஊர் தன் ஓவியராக ஏற்றுக்கொண்டது. இன்று அவர் பெயரைச் சொல்லாமல் டொலேடோவை யாரும் சுற்றிக் காட்டிவிட முடியாது.

டொலேடோவை மூன்று பக்கமும் தாஹோ ஆறு வளைத்து ஓடுகிறது. அந்த ஊரின் வரைபடத்தைப் பார்த்தபோதே என் மனதில் வந்தது இலங்கை மலையகத்துப் பதுளைதான். பதுளு ஓயா கிட்டத்தட்ட முழுதாகச் சுற்றி வளைத்த ஊர் அது. தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழிவந்தவர்கள் அதன் மலைகளில் வாழ்கிறார்கள். அவர்களுடைய கலையையும் அந்த ஊர் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டதா? அதைப் பார்த்து வரத்தான் மாசிப் பௌர்ணமியன்று பதுளையில் போய் இறங்கினேன்.

கோச்சி நின்ற இடம்

கொழும்பிலிருந்து இரவெல்லாம் ஏறி வந்த கோச்சி, பட்டிப்பொளையில் 1,898 மீற்றர் உயரத்தைத் தொட்டுவிட்டு, விடியும்போது இறங்கத் தொடங்கியது. பதுளை அதற்கு ஆயிரம் மீற்றருக்கு மேல் கீழே, சுமார் 680 மீற்றரில் இருக்கிறது. அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. மலையக ரயில்பாதை முடிகிற இடம் இதுதான்.

நிலையத்தில் எனக்காகக் காத்திருந்தவர் தோட்டப் பாடசாலையொன்றில் முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். வழிகாட்டி என்று கழுத்தில் அட்டை மாட்டியவரல்ல. ஆனால் இந்த மலைகளில் எந்த வளைவில் என்ன இருக்கிறது, அதற்கு என்ன கதை இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். பையை வாங்கி ஆட்டோவில் வைத்துவிட்டு, ஏறுவதற்கு முன்பே சொன்னார்.

“தம்பி, என்கூட ஊர் பாக்க வந்தா ஒவ்வொரு எடத்துலயும் மூணு கேள்வி கேக்கணும். இதச் செய்யச் சொன்னது யாரு? கையால செஞ்சது யாரு? இன்னைக்கி வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கிறது யாரு? பசங்களுக்கும் இப்பிடித்தான் சொல்லிக் குடுத்தேன்.”

முதல் கேள்வியை நிலையத்திலேயே கேட்டோம். பாதை பண்டாரவளைக்கு வந்தது 1894இல். பதுளைக்கு வந்தது 1924இல். இடையில் முப்பது வருடம். ஓர் உலகப் போரும் அதற்குள் வந்து போனது. செய்யச் சொன்னது பிரித்தானிய அரசாங்கம். தேயிலைப் பெட்டிகள் துறைமுகத்துக்குப் போகவேண்டிய தேவை தோட்டத் துரைமாருக்கு இருந்தது. கல்லுடைத்தவர்கள், சுரங்கம் குடைந்தவர்கள், சுரங்கம் இடிந்து செத்தவர்கள் யார் என்று கேட்டேன். மாஸ்டர் கையை விரித்தார். “மொத எடத்துலயே ரெண்டாவது கேள்விக்குப் பதில் இல்ல, பாத்தீங்களா?”

முத்தான வியர்வை

பௌர்ணமிப் போயா நாள் என்பதால் முதியங்கனை ரஜமகா விகாரை வெள்ளை உடுத்த மக்களால் நிறைந்திருந்தது. இலங்கைப் பௌத்தர்கள் வாழ்நாளில் ஒருமுறையாவது தரிசிக்க விரும்பும் பதினாறு புனிதத் தலங்களில் இதுவும் ஒன்று. நமுனுகுல மலைப்பக்கத்துத் தலைவனாகிய இந்தகனின் அழைப்பில் புத்தர் இங்கே வந்தார் என்றும், அவர் மேனியிலிருந்து விழுந்த வியர்வைத் துளிகள் முத்தாக மாறின என்றும், அந்த முத்துகளைத் தூபிக்குள் வைத்தார்கள் என்றும் ஐதீகம் சொல்கிறது. தேவநம்பிய தீசன் காலத்தோடும் இந்தத் தூபியைச் சேர்த்துச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் வயது இரண்டாயிரத்துக்கு மேல்.

வாசலில் மகர தோரணத்தை அண்ணாந்து பார்த்தோம். யானைத் துதிக்கை, முதலை வாய், மீன் உடல், மயில் தோகை என்று பல உயிர்களைக் கலந்து கட்டிய மகரம் நம் கோயில் சிற்பிகளுக்கும் சொந்தமானதுதான். காஞ்சியிலும் தஞ்சையிலும் கல்லில் பார்த்ததை இங்கே வண்ணத்தில் பார்க்கிறோம்.

மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்று கும்பிட்டார். “எங்க அம்மா கொழுந்துக் கூடையோட வந்து இங்கதான் தம்பி வெளக்கு வைப்பாங்க. மாரியம்மாவுக்கு ஒண்ணு, இவருக்கு ஒண்ணு.” வியர்வை முத்தாகும் என்ற கதை, வியர்வை சிந்தியே பிழைத்த ஒரு பெண்ணை இந்த வாசலுக்கு இழுத்திருக்க வேண்டும். இங்கே மூன்றாவது கேள்விக்குப் பதில் கண்ணெதிரே இருந்தது. பூத்தட்டோடு வரிசையில் நின்ற அத்தனை பேரும் காப்பவர்கள்தான்.

ஒரு கோயிலும் ஒரு பெயரும்

நகரத்துக்குள்ளேயே சிறிய அங்கிலிக்கன் தேவாலயம் ஒன்று இருக்கிறது. புனித மாற்கு ஆலயம். கொழும்பின் முதல் ஆயர் ஜேம்ஸ் சப்மன் 1857இல் அபிஷேகம் செய்து திறந்தது. மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்ற அதிகாரியின் நினைவுக்காக எழுப்பப்பட்டது. பதுளை அடங்கிய ஊவாப் பகுதியை நிர்வகித்த ரொஜர்ஸ் தெருக்கள் போட்டவர். ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்றும் சொல்லப்படுபவர். 1845 ஜூன் மாதம் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. அந்தக் கல்லறை மீதும் மின்னல் விழுந்தது என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள்.

மலைக்காற்று வீசும் அந்தச் சிறிய கட்டடத்தில் அமைதி இருக்கிறது. நினைவுக் கல்வெட்டில் ரொஜர்ஸின் பெயர் தெளிவாக இருக்கிறது. கல் அடுக்கியவரின் பெயரும் கூரை மரம் இழைத்தவரின் பெயரும் எங்கும் கண்ணில் படவில்லை. மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேள்வி எங்களோடு கூடவே வெளியே வந்தது.

ஆணி இல்லாத பாலம்

பதுளையிலிருந்து ஹாலிஎல பக்கமாகப் போய், கிராமத்துத் தெருக்களில் இறங்கினால் போகொட வருகிறது. பதுளையிலிருந்து பத்துப் பதின்மூன்று கிலோமீற்றர்தான். விகாரையின் படிகளைத் தாண்டிக் கீழே இறங்கியதும், கல்லந்த ஓயாவின் மேல் ஓட்டுக் கூரை போட்ட மரப்பாலம். இலங்கையில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய மரப்பாலங்களில் ஒன்று. பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். அதற்கும் முந்தியது என்பாரும் உண்டு. பதுளையையும் கண்டியையும் இணைத்த பழைய வழியில் கால்நடையாக வந்தவர்கள் இதில்தான் ஆற்றைக் கடந்தார்கள்.

நீளம் ஐம்பது அடி, அகலம் ஆறு அடி இருக்கும். பெருமரத்தைத் தாங்குதூணாக நிறுத்தி, பலகை பாவி, இரண்டு பக்கமும் கடைந்த கம்பிகளால் அழி போட்டு, மேலே கண்டிப் பாணியில் தட்டையோடு வேய்ந்திருக்கிறார்கள். இரும்பாணி அடிக்காமல் மரத்தோடு மரத்தைப் பொருத்திச் செய்தார்கள் என்பது ஊரின் பெருமை. பாலத்துக்குக் கூரை எதற்கு? மலையில் மழை எப்போது வரும் என்று தெரியாது. மரத்தை நனையாமல் காக்கிற கூரை, வழிப்போக்கனையும் நனையாமல் காக்கிறது. பாலமே மடமாகவும் இருந்திருக்கிறது. அழியில் சாய்ந்து நின்றால் கீழே ஆற்றின் இரைச்சல். மேலே ஓட்டு நிழல். அங்கே பேச்சுத் தானாகவே அடங்கிவிடுகிறது.

பக்கத்துக் குகை விகாரையில் கண்டிக் காலத்துச் சுவரோவியங்கள் இருக்கின்றன. இந்த மரபைப் பார்க்கப் பழகுவதற்குக் கொஞ்சம் விவரம் வேண்டும். பின்னணி பெரும்பாலும் சிவப்பு. கதை, நீளமான பட்டைகளாக ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடும். ஒரே ஆள் ஒரே பட்டையில் திரும்பத் திரும்ப வருவார். அவர் நகர்ந்துகொண்டே இருக்கிறார் என்று நாம் படித்துக்கொள்ள வேண்டும். வெற்றிடம் விட்டுவைக்காமல் பூக்களைத் தூவியிருப்பார்கள். சிவப்புக்குச் சாதிலிங்கம், வெள்ளைக்கு மக்குல் என்ற களிமண், கறுப்புக்கு விளக்குப் புகைக்கரி, பசைக்கு மரப்பிசின். சாதிலிங்கம் என்ற சொல்லைச் சிங்களத்திலும் அப்படியேதான் சொல்கிறார்கள். நம்முடைய சித்திரகாரர் அங்கே ‘சித்தர’.

இந்தக் கைவினையை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் ஒரு தமிழரின் மகன் என்பதை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. ஆனந்த குமாரசுவாமி, சேர் முத்து குமாரசுவாமிக்கு 1877இல் கொழும்பில் பிறந்தவர். மண்ணியல் ஆய்வுக்காக இலங்கையைச் சுற்றியவர், பாறையைப் பார்க்கப் போன இடங்களில் தச்சர்களையும் கொல்லர்களையும் சித்தரர்களையும் பார்த்தார். அவர்களுடைய கருவி, கூலி, குலம், வழக்கம் எல்லாவற்றையும் கேட்டு எழுதினார். 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெரிய நூல் வெளிவந்தது. செய்தவர் யார் என்ற கேள்வியை நூறு வருடத்துக்கு முன்பே கேட்டவர் அவர்.

அந்தக் கேள்விக்குச் சில இடங்களில் பதிலும் உண்டு. கண்டிக்குப் பக்கத்தில் தெகல்தொருவ விகாரையை வரைந்தவர்களில் தேவரகம்பொல சில்வதென்ன உன்னான்சே என்ற துறவியின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுக்காரர். போகொடவில் மாஸ்டர் சுவரைக் கிட்டப் போய்ப் பார்த்தார். “இங்க வரைஞ்ச பேரு தெரியல. ஆனா இந்தக் கோட்டப் பாத்தா, கை நடுங்காத ஆளு தம்பி.”

ஊவாக்கட்டவளைக்காரர்

திரும்பும் வழியில் ஹாலிஎலயில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். எதிரே மலை முழுக்கத் தேயிலை. “அந்தப் பக்கந்தான் ஊவாக்கட்டவள. யாரு பொறந்த ஊருன்னு தெரியுமா?”

எனக்குத் தெரியும். தெளிவத்தை ஜோசப். 1934இல் அந்தத் தோட்டத்தில் பிறந்தவர். வேலை பார்த்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டவர். ‘காலங்கள் சாவதில்லை’ நாவலையும் ‘நாமிருக்கும் நாடே’ சிறுகதைகளையும் தந்தவர். 1975இல் வெளிவந்த ‘புதிய காற்று’ படத்தின் கதை வசனத்தில் அவர் கை இருந்தது. 2013இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது. 2022 அக்டோபரில் மறைந்தார்.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் காம்பராவும் இஸ்தோப்பும் பெரட்டுக்களமும் கணக்கப்பிள்ளையின் செக்ரோலும் தமிழ் இலக்கியத்துக்குள் அந்த மனிதர் வழியாக உரிமையோடு நுழைந்தன. டொலேடோவில் எல் கிரேக்கோ வாழ்ந்த பகுதியில் அவருக்கு ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. நாங்கள் நின்ற தெருவோரத்தில் ஒரு பலகைகூட இல்லை. ஆனால் தன் பெயரிலேயே ஒரு தோட்டத்தைச் சுமந்து போன எழுத்தாளர் அவர். ஊர் அவருக்குப் பலகை வைக்கும் முன்னே, அவர் ஊருக்குப் பலகை வைத்துவிட்டார்.

தலைப்பாகையிலிருந்து பிறந்த வளையம்

அங்கிருந்து தெமோதரைக்குப் போனோம். அந்த ரயில் நிலையத்தை நேரில் பார்த்தால்தான் புரியும். எல்ல ஊர்ப் பக்கமிருந்து வருகிற கோச்சி நிலையத்தில் நிற்கும். புறப்பட்டு மலையைச் சுற்றி வளைந்து இறங்கும். கொஞ்ச நேரத்தில், தான் நின்ற அதே நிலையத்துக்கு நேர் கீழே சுரங்கத்துக்குள் நுழையும். மேலே மேடையில் நிற்பவர், சற்று முன் வழியனுப்பிய கோச்சி தம் காலுக்கடியில் போவதைக் கேட்கலாம். மலை செங்குத்து; பாதையோ 44 அடிக்கு ஓர் அடிக்கு மேல் இறங்கக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே பொறியாளர்கள் கண்ட வழி இந்த வளையம்.

இதற்கு ஓர் ஊர்க்கதை உண்டு. பொறியாளர் டி. ஜே. விமலசுரேந்திர பாதையை எப்படி இறக்குவதென்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தாராம். அப்போது தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடியும் சுற்றிக் கட்டுவதைப் பார்த்தார். சுற்றிய துணி தன் மேலேயே ஏறிப் படிவதைக் கண்டதும் அவருக்கு வழி பிறந்துவிட்டது. விமலசுரேந்திர பின்னாளில் இலங்கை நீர்மின்சாரத்தின் தந்தை என்று போற்றப்பட்டவர்.

அருகே கொட்டுவளையில் 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம் நிற்கிறது. 24 மீற்றர் உயரம், 91 மீற்றர் நீளம். கல்லும் செங்கல்லும் சீமெந்தும்தான், உருக்கு இல்லை. உலகப் போருக்கு உருக்கெல்லாம் போய்விட்டதால் உள்ளூர்க்காரர்கள் இப்படிக் கட்டினார்கள் என்று சொல்கிறார்கள். அதைக் கட்டுவித்தவராக ஊர் நினைவில் வைத்திருக்கும் பி. கே. அப்புஹாமியின் கதையும் அழகானது. அவர் ஒரு மேளக்காரர், பேயாட்டக்காரர். ஆட்டப் போட்டியில் தோற்று வேடத்தோடு வீடு திரும்பும் வழியில் வெள்ளைக்கார அதிகாரியின் கண்ணில் பட்டதில் தொடங்கியதாம் அந்தப் பழக்கம்.

இந்தக் கதைகளுக்கு எழுத்துச் சான்று தேடுபவர்கள் தேடட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பெயர் இல்லாத உழைப்பாளிகளை மக்கள் கதையாக்கி வைத்துக்கொண்டார்கள். பாலத்துக்குள் ஒரு சிங்கள மேளக்காரரை வைத்தார்கள். வளையத்துக்குள் ஒரு தமிழ்க் கங்காணியின் தலைப்பாகையை வைத்தார்கள். ஆவணம் மறந்ததை ஊர் தன் வாயில் காப்பாற்றியிருக்கிறது.

பண்டாரவளைத் தெருவோரத்துத் தோவ விகாரையில் அதிக நேரம் நிற்கவில்லை. பாறையில் 38 அடி உயரத்துக்குச் செதுக்கி, முடிக்காமல் விடப்பட்ட புத்தர் சிலை அங்கே இருக்கிறது. நாட்டை இழந்து மறைந்து திரிந்த வலகம்பா மன்னன் செதுக்கியது என்பது ஐதீகம். முகம் பாறையிலிருந்து வெளியே வந்துவிட்டது. கீழ்ப்பகுதி இன்னும் பாறைக்குள்ளேயே இருக்கிறது. உளியை ஏன் கீழே வைத்தார்கள் என்று யாரும் சொல்வதற்கில்லை. “முடிக்காத வேலையில செஞ்சவன் இன்னும் நிக்கிறான் தம்பி” என்றார் மாஸ்டர். அன்று அவர் சொன்னவற்றில் இதை நான் மறக்கமாட்டேன்.

காமன் பொட்டலில்

அந்தி சாயும்போது மாஸ்டரின் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். லயத்துக்கு மேலே பீலித் தண்ணீர் விழுகிற இடத்தில் மாரியம்மன் கோயில். மரத்தடியில் சூலம். தேயிலை ஸ்டோரின் பக்கம் ரோதமுனி. ரோதை என்றால் சக்கரம். மாவரைக்கும் இயந்திரம்போலச் சுழன்று விரலையும் கையையும் கேட்கக்கூடிய அந்தச் சக்கரத்துக்கு நம் மக்கள் ஒரு முனியைக் கண்டார்கள். மலையில் கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் கவ்வாத்துச் சாமிக்குப் பூசை. தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த சாமிகள் போதாமல், தேயிலைக்கென்றே சாமிகளைப் படைத்த சமூகம் இது.

மாஸ்டரின் மனைவி சாயத் தேத்தண்ணியும் ரொட்டியும் தந்தார். “ஆடி ஆவணியில வாங்க தம்பி. கச்சான் அடிக்கிறப்ப எடுக்குற கொழுந்துல தேத்தண்ணி குடிச்சாத்தான் ஊவா தேத்தண்ணி.” உண்மைதான். ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் அந்த வறண்ட காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மணத்தையும் தனி விலையையும் வாங்கித் தருகிறது.

இரவு காமன் கூத்து. மாசி மாதத்தில் காமன் கம்பம் ஊன்றி, நாள்தோறும் ஆடி வந்து, இந்தத் தோட்டத்தில் பௌர்ணமி இரவில் எரிக்கிறார்கள். கதை நாம் அறிந்ததே. தவத்தில் ஆழ்ந்த சிவனை எழுப்பத் தேவர்கள் மன்மதனை ஏவுகிறார்கள். ரதி போகாதே என்று தடுக்கிறாள். அவன் போகிறான், கணை விடுகிறான், நெற்றிக்கண்ணில் எரிகிறான். அவள் அழுது மன்றாட, அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி உயிர் பெறுகிறான்.

தப்பைத் தீயில் காய்ச்சினார்கள். தோல் இறுகும்வரை பொறுமையாக, திருப்பித் திருப்பி. முதல் அடி விழுந்ததும் லயத்திலிருந்த பிள்ளைகள் எல்லாம் பொட்டலில். முகத்தில் வண்ணம் பூசி, முடி தரித்து, கையில் வில்லோடு மன்மதன் வந்தார். ரதி வேடத்தில் ஓர் இளைஞன். பகலில் பண்டாரவளையில் கடையொன்றில் வேலை பார்க்கிறவனாம். பாட்டை எடுத்துக் கொடுத்த வாத்தியார் தேயிலை ஸ்டோரில் வேலை செய்து ஓய்ந்தவர். கையில் ஏடும் இல்லை, புத்தகமும் இல்லை. நடுச்சாமம் தாண்டியும் அடி தவறவில்லை.

ரதியும் மன்மதனும் லயத்துக் காம்பரா ஒவ்வொன்றின் வாசலுக்கும் போகிறார்கள். காலில் தண்ணீர் ஊற்றி, ஆரத்தி எடுத்து, பிள்ளையைக் கையில் கொடுத்து வாழ்த்து வாங்குகிறார்கள் பெண்கள். அதுவரை கொழுந்து பறித்த அசதியில் இஸ்தோப்பில் சாய்ந்திருந்த ஒரு பாட்டி, ரதி தடுக்கிற இடம் வந்தபோது எழுந்து உட்கார்ந்து கூடவே பாடினார். அந்தப் பாட்டு முழுதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

“எங்க அப்பா இந்தப் பொட்டல்ல பாடுனவரு” என்றார் மாஸ்டர். “அவருக்கு ரதி வேசம் கட்டுனவரு ஒப்பந்தத்துல போயிட்டாரு. தலைமன்னார்ல கப்பல் ஏறுறப்ப கால்சலங்கைய எங்க அப்பாகிட்ட குடுத்துட்டுப் போனாராம். அப்பறம் ரெண்டு மூணு வருசம் இங்க காமன் ஊனவே இல்ல.”

1964ஆம் ஆண்டு இந்திய–இலங்கை ஒப்பந்தத்தைப் பற்றிப் படிக்கும்போது லட்சக் கணக்கில் எண்களைப் பார்க்கிறோம். இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இலங்கைக்கு. ஒரு கூத்துக் குழு எப்படி இரண்டாகப் பிரிந்தது, பாட்டும் சலங்கையும் ஒரு கரையிலும் ஆடிய கால்கள் மறு கரையிலும் எப்படி நின்றன என்பதை அந்த எண்கள் சொல்வதில்லை.

விடிவதற்கு முன் காமனை எரித்தார்கள். நெருப்பு அடங்கும்வரை தப்பு ஓயவில்லை. அப்போது நான் மூன்று கேள்விகளையும் மாஸ்டரிடம் திருப்பிக் கேட்டேன்.

“செய்யச் சொன்னது யாரு மாஸ்டர்?”

“இந்த லயத்து சனந்தான். வீட்டுக்கு இவ்வளவுன்னு காசு போட்டது அவங்கதான்.”

“செஞ்சது?”

“இவங்கதான்.”

“காக்குறது?”

அவர் சாம்பலைச் சுற்றி நின்ற பிள்ளைகளைக் காட்டினார்.

நான் கேட்டுக்கொள்வது

பகல் முழுக்கப் பார்த்த இடங்களில் செய்யச் சொன்னவருக்கு ஒரு பெயர் இருந்தது. செய்தவருக்குப் பெரும்பாலும் பெயரே இல்லை. இரவில் பார்த்த ஒரு கலையில்தான் மூன்றுபேரும் ஒருவராக இருந்தார்கள். அந்தக் கலைதான் பதுளையைச் சுற்றிக் காட்டுகிற எந்தப் பயணத் திட்டத்திலும் இல்லை. அருவிக்கும் பாலத்துக்கும் வண்டி நிறைய ஆட்களைக் கூட்டிப் போகிறவர்கள் தேயிலைச் செடிக்கு நடுவே படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அந்தச் செடிக்குப் பின்னால் இருக்கிற லயத்தில் ஒரு கலை மரபு மூச்சு விடுகிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாடல்களைத் தேடிச் சேர்த்தார். மாத்தளை வடிவேலன் மலையகப் பாரம்பரியக் கலைகளைப் பற்றி எழுதினார். அவர்கள் தொடங்கிய வேலையை ஊவாவில் தோட்டம் தோட்டமாகத் தொடரவேண்டும். பதுளையில் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகளிலும் தோட்டப் பாடசாலைகளிலிருந்து வெளியே வருகிற பிள்ளைகளிலும் நூறு பேரை இந்த மாவட்டத்தின் வழிகாட்டிகளாகப் பயிற்றினால், முதியங்கனையையும் போகொடவையும் காமன் பொட்டலையும் ஒரே நாளில் ஒரே மரியாதையோடு அவர்களால் காட்ட முடியும். அது அவர்களுக்குத் தொழிலும் ஆகும். மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தோம். டொலேடோ கிரேக்கரைத் தன்னவர் என்று சொல்லிக்கொள்வதுபோல், பதுளையும் இந்தக் கலைஞர்களைத் தன்னவர்கள் என்று உரக்கச் சொல்வதற்கு இருநூறு வருடம் போதும்.

வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தோட்டத்தில் காமன் கூத்தோ அர்ச்சுனன் தபசோ பொன்னர் சங்கரோ ஆடுவித்த வாத்தியார் யார்? தப்படித்தவர் யார்? வேடம் கட்டியவர் யார்? அவர்கள் இருக்கும்போதே போய்க் கேளுங்கள். ஒரு கொப்பியில் பெயரை எழுதுங்கள், தோட்டத்தையும் டிவிசனையும் எழுதுங்கள், அவர் யாரிடம் படித்தார் என்றும் எழுதுங்கள். மாஸ்டரின் வீட்டில் இன்றும் ஒரு சோடிச் சலங்கை இருக்கிறது. அதைக் கட்டி ஆடியவரின் பெயர் அவருக்கு நினைவில் இருக்கிறது. அதை அன்று விடிந்ததும் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

(தொடரும்)